ஆயிரம் முகவரிகள், ஒரே கட்டளை

கேள்வி: ஆயிரம் இணைய முகவரிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று கர்ல் கட்டளையை (முகவரிக்குக் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்கும் கருவி) ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறேன். பொறுமை போய்விட்டது. வேறு வழி உண்டா?

பதில்: கர்லையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோரிக்கைக்கு 0.3 விநாடி என்றால் ஆயிரத்துக்கு ஐந்து நிமிடம். அதில் பெரும்பகுதி உங்கள் கணினி சும்மா காத்திருக்கும் நேரம்தான். பத்துப் பத்தாக அனுப்பினால் அரை நிமிடத்தில் முடியும்.

2019இல் வந்த 7.66 பதிப்பிலிருந்தே கர்லில், பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் ‘பேரலல்’ ஆப்ஷன் இருக்கிறது. முகவரிகளை ஒரு கான்ஃபிக் கோப்பில் (கர்ல் படித்து நடக்கும் அமைப்புக் கோப்பு) எழுதிக் கொடுங்கள். ஒரு பட்டியலை எடுத்து வேறொரு கட்டளையிடம் கொடுத்து ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் வைத்தும் செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு முகவரிக்கும் புது கர்ல் எழும்பி, இணைப்பையும் டிஎல்எஸ் கைகுலுக்கலையும் (பாதுகாப்பான இணைப்புக்கான ஆரம்பப் பேச்சு) முதலிலிருந்து தொடங்கும். எனக்கு அது வீண்வேலை. ஒரே கர்ல் என்றால், ஒரே சர்வருக்குப் போகும் கோரிக்கைகள் திறந்த இணைப்பையே மறுபடி பயன்படுத்தும்.

அப்புறம், ஒரே நேரத்தில் எத்தனை என்று வரம்பு வைக்கும் ‘பேரலல் மேக்ஸ்’ சொல்லாவிட்டால் ஒரே நேரத்தில் 50 வரை போகும். எல்லாம் ஒரே சர்வர் என்றால் பாவம், பத்தாகக் குறையுங்கள். 429 என்று பதில் வந்தால் அவர்கள் ‘மெதுவாக வா’ என்கிறார்கள். ‘ரீட்ரை’ ஆப்ஷனைச் சேர்த்திருந்தால், சர்வர் தன் பதிலின் ‘ரீட்ரை ஆஃப்டர்’ தலைப்பில் சொன்ன நேரம் காத்திருந்து கர்லே மறுபடி கேட்கும். பக்கங்களின் உள்ளடக்கத்தைக் கோப்புக்குத் திருப்ப மறக்காதீர்கள். இல்லையேல் எல்லாம் கலந்துகட்டித் திரையில் கொட்டும்.