திங்கட்கிழமைக் காய்ச்சலும் கொலுசுப் பட்டறைப் புகையும்

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வீட்டின் முன்னறையிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். என் கணவருக்கு 43 வயது. இருபது வருடமாகப் பற்றவைக்கும் வேலை செய்கிறார். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு உட்கார்ந்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் ஒரு மாதிரி உலோகச் சுவை. மறுநாள் சரியாகிவிடும். இரண்டு முறை டைஃபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். போன மாதம் பற்றவைப்பதற்கு, சீக்கிரம் உருகி ஓடும் புதுப் பொடி வாங்கினார். அதிலிருந்து இருமல் நிற்கவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு மூன்று வருடமாகவே குழம்பு வாசனைகூடச் சரியாகத் தெரியவில்லை என்பார். யூரின் டெஸ்டில் புரோட்டீன் இல்லை என்று வந்தது. தினமும் பாலும் வாழைப்பழமும் கொடுக்கிறேன். புகைதான் காரணமா? நானும் பிள்ளைகளும் அதே அறையில்தான் சலங்கை கோர்க்கிறோம். எங்களுக்கும் ஏதாவது ஆகுமா?

மருத்துவர் பதில்:

சகோதரி, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புதுப் பொடியை இன்றோடு நிறுத்துங்கள். பாதியில் நிற்கும் உருப்படி இருந்தாலும் பரவாயில்லை. மீதிப் பொடியைக் குப்பையில் கொட்டாமல், ஒரு டப்பாவில் போட்டு மூடித் தனியாக வையுங்கள். அதைப் பரிசோதிக்க வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ, உங்களுக்கு வசதியான வேறு இடத்திலோ நெஞ்சக நோய் மருத்துவரிடம் காட்டி, நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.

இனி காரணத்துக்கு வருவோம். திங்கட்கிழமைக் காய்ச்சல் பெரும்பாலும் துத்தநாகப் புகையால் வருவது. பற்றாசுப் பொடியில், அதாவது பற்றவைக்க உருக்கும் பொடியில், வெள்ளி, செம்போடு துத்தநாகமும் இருக்கும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். கேஸ் விளக்கின் சுடர் அதைவிட மிகச் சூடானது. ஆவி காற்றில் பட்டதும் மிக நுண்ணிய வெண்துகளாகி மூச்சோடு உள்ளே போகிறது. நாலிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தொண்டை வறட்சி, உலோகச் சுவை, நடுக்கம், காய்ச்சல் எல்லாம் வரும். ஒன்றிரண்டு நாளில் தானாகவே அடங்கிவிடும். தினமும் புகையில் இருப்பவருக்கு உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. ஒரு நாள் லீவு போட்டால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும், அதனால்தான் திங்கட்கிழமையில் வருகிறது. இந்தக் காய்ச்சலில் ரத்த வெள்ளையணு கூடும். டைஃபாய்டுக்கு எடுக்கும் வைடால் ரத்தப் பரிசோதனையும் நம் ஊரில் பலருக்கு லேசாக பாசிட்டிவ் காட்டும். பட்டறை வேலை என்று யாரும் சொல்லாதபோது இரண்டையும் பார்க்கும் டாக்டர் டைஃபாய்டு என்று நினைப்பது இயல்பு. டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையாக, "பற்றவைக்கிற வேலை, காலையில் புகை பட்டது" என்று சொல்லுங்கள்.

துத்தநாகக் காய்ச்சலால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. எனக்குக் கவலை அந்தப் புதுப் பொடியைப் பற்றித்தான். சீக்கிரம் உருகி, தண்ணீர் மாதிரி இணைப்புக்குள் ஓடும் பொடி என்றால் அதில் காட்மியம் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். நகைக்கடையில் கே.டி.எம். என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தப் பெயர் காட்மியம் கலந்த பற்றாசிலிருந்து வந்ததுதான். காட்மியம் 321 டிகிரியில் உருகி, 767 டிகிரியில் கொதித்துவிடும். வெள்ளி உருகவே 961 டிகிரி வேண்டும். அதாவது, கொலுசு வளையத்தின் வாயில் பொடி ஓடுவதற்காகச் சுடரை இரண்டு விநாடி கூடுதலாகக் காட்டினாலே காட்மியம் புகையாகக் கிளம்பிவிடும். அந்தப் புகை பழுப்பு மஞ்சளாக இருக்கும். கொஞ்சமாக வந்தால் கண்ணுக்கே தெரியாது. மூக்கை எரிக்காது, கண்ணைக் கரிக்காது. அந்த நேரத்தில் எந்தத் தொந்தரவும் தராததால்தான் ஆட்கள் எழுந்து வெளியே போவதில்லை.

முதல் ராத்திரி துத்தநாகக் காய்ச்சலும் காட்மியம் புகைக் கேடும் அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் மறுநாள்தான் தெரியும். துத்தநாகம் என்றால் மறுநாள் ஆள் தெளிந்துவிடுவார். காட்மியம் என்றால் மறுநாள் நெஞ்சு இறுக்கம் கூடும், இருமல் கூடும், மூச்சு வாங்கும். இரண்டு மூன்று நாளில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் உயிர் போனவர்களும் உண்டு. ஆகவே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: புகை பட்ட 24 மணி நேரத்துக்குப் பிறகும் குறையாத காய்ச்சலையும், எந்த நேரத்திலும் வருகிற மூச்சுத் திணறலையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் இருந்தால் விரலில் மாட்டிப் பாருங்கள். 95-க்குக் கீழே வந்தாலோ, ஆறு நிமிடம் நடந்ததும் 4 புள்ளி குறைந்தாலோ, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே "காட்மியம் புகை பட்டிருக்கலாம்" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் ஒரு நாளாவது வைத்துப் பார்த்து, இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அன்றைக்கே "எல்லாம் நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பினால், திரும்பி வர வேண்டிய அறிகுறிகள் என்னென்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொடியில் காட்மியம் இருக்கிறதா என்று பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. வெள்ளிக்கு டச், அதாவது சுத்தம், பார்க்கிறார்களே, எக்ஸ் கதிரால் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் அந்த எக்ஸ்ஆர்எஃப் மெஷினே போதும். ஒரு கிராம் பொடியை உருக்கிச் சின்னத் தகடாக்கிக் கொண்டுபோக வேண்டும் என்பார்கள். அதை நீங்கள் வீட்டில் உருக்காதீர்கள், பொடியாகவே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: வெள்ளி 47-வது தனிமம், காட்மியம் 48-வது. மெஷினில் இரண்டின் கோடும் பக்கத்தில் பக்கத்தில் விழும். அதனால் "மெஷினில் காட்மியம் தனியாகக் கணக்கிடும் அமைப்பு இருக்கிறதா" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வெறும் வெள்ளி சதவீதம் மட்டும் போட்ட சீட்டால் பயனில்லை.

காட்மியம் இல்லாமல் வேலை ஓடாது என்று வியாபாரிகள் சொல்வார்கள். அது சரியில்லை. நன்றாக ஓடும் காட்மியம் பற்றாசு ஒன்றில் வெள்ளி 45, செம்பு 15, துத்தநாகம் 16, காட்மியம் 24 பங்கு. அது சுமார் 618 டிகிரியில் முழுதாக உருகும். காட்மியம் இல்லாத இன்னொன்றில் வெள்ளி 56, செம்பு 22, துத்தநாகம் 17, வெள்ளீயம் 5 பங்கு. அது 652 டிகிரியில் ஓடும். வித்தியாசம் முப்பத்தைந்து டிகிரிக்கும் குறைவு. கைப்பழக்கம் மாற ஒரு வாரம் ஆகும், பொடியின் விலையும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டச்சும் அடிபடாது, வெள்ளிப் பங்கு கூடுதல்தான். வாங்கும்போது பில்லில் "காட்மியம் இல்லாதது" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இப்போது சிறுநீரகத்துக்கு வருகிறேன். உள்ளே போன காட்மியத்தை உடம்பு எளிதில் விடாது. அதில் பாதி வெளியேறவே பத்திலிருந்து முப்பது வருடம் ஆகிறது. அது சேர்ந்து தங்கும் முக்கிய இடம் சிறுநீரகம். வடிகட்டியதை உடம்புக்குத் திருப்பி எடுக்கும் நுண்குழாய்களைத்தான் அது கெடுக்கிறது. அப்போது சிறுநீரில் கசிவது சின்னப் புரதங்கள். லேப்பில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனை ஆல்புமின் என்ற பெரிய புரதத்தைத்தான் காட்டும். ஆகவே "புரோட்டீன் இல்லை" என்ற உங்கள் ரிப்போர்ட்டால் இந்த விஷயத்தில் நிம்மதி அடைய முடியாது. இரண்டு மூன்று வருடமாக வாசனை மங்கியிருப்பதும் எனக்கு உறுத்துகிறது. நீண்ட நாள் காட்மியம் பட்டவர்களுக்கு அப்படி ஆவது உண்டு. பழைய பொடியிலும் அது இருந்திருக்கலாம்.

எழுதிக் கேட்க வேண்டிய பரிசோதனைகள் இவை: ரத்தத்தில் காட்மியம், சிறுநீரில் காட்மியம், சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் (மேலே சொன்ன சின்னப் புரதங்களில் ஒன்று). சிறுநீர் அளவுகள் இரண்டையும் கிரியாட்டினினுக்கு ஈடு செய்து தரச் சொல்லுங்கள். ரத்த அளவு சமீபத்தில் பட்டதைக் காட்டும், சிறுநீர் அளவு வருடக்கணக்கில் சேர்ந்ததைக் காட்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதியில் ரத்தத்தில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், சிறுநீரில் கிரியாட்டினின் கிராமுக்கு 3 மைக்ரோகிராம், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் அதே கிராமுக்கு 300 மைக்ரோகிராம், இவற்றைத் தாண்டினால் கூடுதல் கண்காணிப்பு தொடங்க வேண்டும். பெரிய லேப்கள் மாதிரியை வாங்கி வெளியூருக்கு அனுப்பிச் செய்வார்கள். மாதிரி கொடுக்கும் விதத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பட்டறையிலிருந்து நேராகப் போய்க் கொடுத்தால் கையிலும் சட்டையிலும் இருக்கும் தூளே டப்பாவில் விழுந்து அளவு ஏறிவிடும். குளித்து, துணி மாற்றி, சோப்பில் கை கழுவிவிட்டு, லேப் தரும் உலோகம் கலக்காத டப்பாவில் கொடுக்க வேண்டும். பீட்டா-2 புரதம் அமிலச் சிறுநீரில் சிதைந்துவிடும். காலை முதல் சிறுநீரைத் தவிர்த்து, தண்ணீர் குடித்த பிறகு வருவதைக் கொடுங்கள். கூடவே கிரியாட்டினின், சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), பாஸ்பரஸ் அளவுகளும் பாருங்கள். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்து சிறுநீரில் மட்டும் சர்க்கரை இருந்தால் அதுவும் நுண்குழாய்க் கேட்டின் அடையாளம்.

பால், வாழைப்பழம், வெல்லம் எதுவும் நுரையீரலில் போன புகையை எடுக்காது. சாப்பாடாகக் கொடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள். "உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம்" என்று ஊசி போடுகிற இடங்களுக்குப் போகவே போகாதீர்கள். சேர்ந்துபோன காட்மியத்துக்கு நம்பகமான முறிமருந்து இல்லை. சில உலோக முறிமருந்துகள் காட்மியத்தை இன்னும் சிறுநீரகத்துக்குள் கொண்டுபோய்த் தள்ளும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் மாதிரியான மாத்திரைகளையும் நிறுத்துங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதையும். புகையிலைச் செடியே மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

பொடியை மாற்றினாலும் துத்தநாகப் புகை இருக்கும், வெங்காரப் புகை இருக்கும். சுடர் ஆடக்கூடாது என்று ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காரும் பட்டறைகளே அதிகம். அந்தக் காரணம் நியாயமானதுதான். அதனால் அறை முழுக்கக் காற்று அடிப்பதைவிட, புகை கிளம்பும் இடத்திலேயே இழுக்க வேண்டும். பற்றவைக்கும் செங்கல்லுக்கு எதிர்ப்பக்கத்தில், முகத்துக்கு நேரெதிரே, ஒரு தகரக் கூம்பு வையுங்கள். அதன் வாயிலிருந்து ஆறங்குலக் குழாய் எடுத்து, வெளிச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனோடு இணைத்துவிடுங்கள். கூம்பைத் தலைக்கு மேலே தொங்கவிடாதீர்கள். புகை மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும். தூரமும் முக்கியம்: கூம்பு வாயின் அகலம் எவ்வளவோ அந்தத் தூரம் தள்ளினாலே இழுப்பு கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காகிவிடும். வேலைக்கும் கூம்புக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் விடாதீர்கள். வளையம் வைக்கும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை சட்டென்று வளைந்து கூம்புக்குள் போனால் சரி, நேராக மேலே எழுந்தால் ஃபேன் போதாது. வெளியே விடும் வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் கூரைக்கு மேலே போகட்டும்.

துண்டும் சர்ஜிகல் மாஸ்க்கும் இந்தத் துகளைத் தடுக்காது. கூம்பு வைத்த பிறகும் போட வேண்டியது ரப்பர் அரைமுக மாஸ்க், அதில் நுண்துகளைத் தடுக்கும் பி100 வகை வடிகட்டி. தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும், மழித்துக்கொள்ள வேண்டும். சுடரைப் பொடி மேல் நேராகக் காட்டாமல் சுற்றியுள்ள வெள்ளியைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் பொடியை ஓட விடச் சொல்லுங்கள். புகை நன்றாகக் குறையும்.

உங்களையும் பிள்ளைகளையும் பற்றிக் கேட்டதற்கு: ஆம், உங்களுக்கும் போகிறது. தரையிலும் பாயிலும் விழுந்த தூள் கையில் ஒட்டி வாய்க்குப் போகிறது. இரும்புச்சத்து குறைந்த உடம்பு காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேர்த்து வைத்த இரும்பைக் காட்டும் பரிசோதனை) பார்த்து, குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் இரும்பு மாத்திரையை முழுக்கச் சாப்பிடுங்கள். சலங்கை கோர்ப்பதை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். பட்டறை அறையில் சமையல், சாப்பாடு, தூக்கம் வேண்டாம். அவர் வேலைச் சட்டையை வாசலிலேயே கழற்றட்டும், தனியாகத் துவையுங்கள். விளக்குமாறால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். வெள்ளிக்காகச் சேர்த்து வைக்கும் பட்டறைக் குப்பையை வீட்டில் எரிக்கவே கூடாது, அதில் இருப்பதெல்லாம் மறுபடி புகையாகும்.

வெள்ளியைத் திராவகத்தில் கரைக்கும் வேலையும் அங்கே நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நடந்தால், நைட்ரிக் அமிலத்திலிருந்து எழும் செம்பழுப்புப் புகையும் இப்படித்தான், பல மணி நேரம் கழித்து நுரையீரலைத் தாக்கும். தேறிய பிறகும் இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை மூச்சுத் திணறல் வரலாம். மூடிய அறையில் செய்யக் கூடாது. சயனைடு இருக்கும் இடத்தின் பக்கத்தில் எந்தத் திராவகத்தையும் வைக்கக் கூடாது.

ரிப்போர்ட் வந்ததும் பொடியின் எக்ஸ்ஆர்எஃப் சீட்டையும் சேர்த்து நெஞ்சக நோய் மருத்துவரிடமும் சிறுநீரக மருத்துவரிடமும் காட்டுங்கள். ரத்தக் காட்மியத்தை மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், புகை உண்மையிலேயே நின்றதா என்று அதில் தெரியும். சிறுநீர்ப் பரிசோதனை இரண்டையும் வருடம் ஒரு முறை எடுத்து, எல்லாச் சீட்டையும் ஒரே கோப்பில் வையுங்கள்.