கமாண்டோ கத்தி வாங்குறதுக்கு முன்னாடி: கேள்வி பதில்

ஷாங்காய் போலீஸ்ல இருந்த ஃபேர்பேர்ன், சைக்ஸ்னு ரெண்டு பேர் டிசைன் பண்ணி, 1941ல வில்கின்சன் கம்பெனி செய்ய ஆரம்பிச்ச பிரிட்டிஷ் கமாண்டோ கத்தி, அதான் எஃப்.எஸ், அதைப் பத்தி கேளுங்க. முதல்லயே சொல்லிடுறேன், கையில வந்ததும் தேய்க்காதீங்க.

கேள்வி: சார், முதல்ல எதைப் பாக்கணும்?

பதில்: முனையை. பிளேடு சுமார் 7 இன்ச், முனை ரொம்ப சன்னம், உடையறது சகஜம். உடைஞ்சதை யாராவது ராவி திரும்பவும் கூராக்கியிருப்பாங்க, அப்போ கடைசி ஒரு இன்ச்ல மட்டும் சரிவு சட்டுனு மாறும், பிளேடும் கட்டையா தெரியும். அடுத்து நடுவுல ஓடுற வரம்பு. கையால கிரைண்ட் பண்ணதால லேசா அலையறது ஒரிஜினல்லயே உண்டு, அதுக்காக ஒதுக்க வேணாம், ஆனா வரம்பு மழுங்கி உருண்டு இருந்தா பஃபிங் வீல்ல, அதாவது பாலிஷ் சக்கரத்துல, போட்டிருக்காங்க. முதல் பாட்டர்ன்ல (மாடல்ல), அதாவது கார்டு, பிடிக்கும் பிளேடுக்கும் நடுவுல இருக்கற குறுக்குத் தடுப்பு, எஸ் மாதிரி வளைஞ்சிருக்கறதுல, கார்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சமதளம் இருக்கும், அதுல வில்கின்சன் பேரை எட்ச் பண்ணியிருப்பாங்க, அதாவது ஆசிட்ல அரிச்சு எழுதியிருப்பாங்க. அந்த எழுத்து மேலோட்டமானது, பாலிஷ் போட்டா முதல்ல போறது அதுதான். பிளேடு பளபளன்னு இருந்து எழுத்து மங்கலா இருந்தா விஷயம் புரிஞ்சிடும். கடைசியா பிடி உச்சில இருக்கற நட்டு. அதுல பிளையர் கடிச்ச தடம் இருந்தாலோ பிளேடு ஆடினாலோ கழட்டி மாட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க.

கேள்வி: என்னோடது வளையம் வளையமா கறுப்புப் பிடி. ரெண்டாம் உலகப் போர்ல பயன்பட்டதா?

பதில்: அது மூணாவது பாட்டர்ன், 1943 கடைசில வந்தது. போர் முடிஞ்சும் செஞ்சுட்டே இருந்தாங்க, அதனால பிடியை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. கார்டுல அம்புக்குறி இருந்தா ராணுவம் வாங்கினது, ஆனா போருக்கு அப்புறமும் ராணுவம் வாங்கியிருக்கு. இங்கிலாந்துனு குத்தியிருந்தா பெரும்பாலும் பின்னாடி கடை விற்பனைக்கு செஞ்சது.

கேள்வி: பித்தளைப் பிடி கறுத்துப் போச்சு, புளி போட்டு தேய்க்கலாமா?

பதில்: வேணவே வேணாம். அந்தக் கறுப்புல பாதி ஃபேக்டரில போட்ட ஃபினிஷா இருக்கலாம், போனா திரும்ப வராது.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: போட்டோ இல்லாம விலை சொல்ல மாட்டேன்.

கேள்வி: தோல் உறையோட சேத்தே வெக்கலாமா?

பதில்: தனித்தனியா வைங்க. தோல் ஈரத்தை இழுக்கும், பதப்படுத்தின அமிலமும் அதுல இருக்கும், உள்ளயே துரு ஏறும். பித்தளை தோலைத் தொடுற இடத்துல பச்சைக் களிம்பு கட்டியிருந்தா மரக்குச்சியால மெதுவா எடுங்க, கம்பி பிரஷ் கூடாது. பேன்ட்ல தைக்கறதுக்கு உறையில காது இருக்கும், அதை சிப்பாய்ங்களே வெட்டி எறிஞ்சது நிறைய, அதனால காது இல்லைன்னா பயப்படாதீங்க, வெட்டின ஓரம் மத்த தோல் மாதிரியே கறுத்திருக்கான்னு மட்டும் பாருங்க.

கேள்வி: வீட்ல வெக்க லைசென்ஸ் வேணுமா?

பதில்: உங்க ஊர் போலீஸ்லயோ வக்கீல்கிட்டயோ கேளுங்க, அது என் துறை இல்ல.

கேள்வி: கறுப்பு வளையப் பிடி, போர்க் காலத்துதா?

பதில்: மேல சொல்லியாச்சு, படிங்க.

கேள்வி: சாணை பிடிச்ச கத்தின்னா மதிப்பு போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். சண்டைக்குப் போனவன் சாணை பிடிக்காமயா இருப்பான்?

பதில்: நல்ல பாயிண்ட். அவன் பிடிச்சிருப்பான், அதைக் குறையா நான் எண்ண மாட்டேன். ஆனா அவன் கல்லுல பிடிச்சிருந்தா விளிம்புல மட்டும் மெல்லிசா ஒரு கோடு இருக்கும், அதுக்கு மேலயும் பழைய கருமை படிஞ்சிருக்கும்.

கேள்வி: கருமையை ஆசிட் வெச்சு கொண்டு வரலாமே?

பதில்: வரலாம், நிறைய பேர் பண்றாங்க. ஆசிட் கருமை எல்லா இடத்துலயும் ஒரே சீரா இருக்கும், கீறலுக்கு உள்ளயும் அதே நிறம். நிஜமா வயசானதுல கை படுற இடம் ஒரு மாதிரி, கார்டு ஓரம் ஒரு மாதிரி. லென்ஸ் வெச்சு சாணை பிடிச்ச இடத்துல கீறல் எந்தப் பக்கம் போகுதுன்னும் பாருங்க, விளிம்புக்குக் குறுக்கா இணையா வரிசையா ஓடினா அது மெஷின் சக்கரம், அது மதிப்பைக் கொல்லும்.

கேள்வி: என்னோடதுல கல்லுல பிடிச்ச கோடு, மெஷின் கீறல் ரெண்டுமே இருக்கே!

பதில்: அப்போ ரெண்டு கை பட்டிருக்கு, முதல்ல சிப்பாய், அப்புறம் வியாபாரி. ஃபிளாஷ் போடாம, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சு வெச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்க, எது எதுன்னு பிரிச்சு சொல்றேன். அதுவரைக்கும் துணி கூட வெச்சு தேய்ச்சிடாதீங்க.