தங்கச்சிமடம் தங்கைக்கு: அப்பா சொல்வது பாதி சரி

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் படிக்கிறீர்கள். கடற்படையில் அக்னிவீர் (நான்கு ஆண்டுக்குச் சேர்க்கப்படும் வீரர்) ஆக ஆசை. "நாலு வருஷத்துல திருப்பி அனுப்பிருவாங்க" என்று அப்பா தடுக்கிறார். இதுதானே சிக்கல்?

அப்பா சொல்வது பாதி சரி, தங்கச்சி. நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். அதிகாரியாகப் போனால் கதை வேறு. 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வாய்ப்பு உண்டு. 2022 முதல் முப்படை அதிகாரிகளாகப் பயிற்சி தரும் என்.டி.ஏ.விலும் (தேசிய பாதுகாப்பு அகாடமி) பெண்களைச் சேர்க்கிறார்கள். பத்தொன்பதரை வயதோடு அந்தக் கதவு மூடிவிடும், அதனால் அதன் நுழைவுத் தேர்வை முதலில் எழுதுங்கள். அக்னிவீர் விண்ணப்பத்தையும் விடவேண்டாம். அதற்கு 1.6 கி.மீ.யை 8 நிமிடத்தில் ஓடணும். கடற்கரை மணலில் ஓடினால் நேரக்கணக்கு தப்பும், ரோட்டில் ஓடிப் பாருங்கள்.

அப்புறம், உச்சிப்புளியில் இருக்கும் கடற்படை விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து பக்கம் அப்பாவோடு ஒருமுறை போய் வாருங்கள்.