வேனின் பின்பக்கப் பட்டையில் சத்தம்: 'கிரீச்' வேறு, 'டக்' வேறு

கேள்வி: எங்கள் வேனுக்குப் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் பட்டை, அதாவது அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது 'கிரீச்' என்கிறது. மழையில் ஓட்டினால் அன்றைக்குச் சத்தம் இல்லை, காய்ந்ததும் மறுபடி வந்துவிடுகிறது. கொஞ்ச நாளாக வண்டி புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் 'டக்' என்று ஒரு தட்டும் கேட்கிறது. பழைய இன்ஜின் ஆயிலைப் பட்டையில் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். ஆயிலில் மண்ணும் தூசியும் ஒட்டி, பட்டைகளுக்கு நடுவே அரம் போல அராவும். பட்டையின் முனைகளில் இணைப்புக்குள் இருக்கும் ரப்பர் உறை, அதாவது புஷ், ஆயில் பட்டு ஊறி உப்பிவிடும். தெறித்துப் பிரேக் டிரம் பக்கம் போனால் இன்னும் ஆபத்து.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். நனைந்தால் அடங்கும் 'கிரீச்', காய்ந்த உராய்வு, பொறுத்துச் சரிசெய்யலாம். 'டக்' பொறுக்காது. புறப்படும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆக்சில் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. அந்த நேரத்தில் தட்டுகிறது என்றால் எங்கோ பிடிப்பு விட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை லோடு ஏற்ற வேண்டாம்.

முதல் சோதனைக்கு ஜாக்கி தேவையில்லை. சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, இரு பக்க டயரிலும் ஒரே காற்றழுத்தம் வைத்து, சக்கர நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை டேப்பால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகத் தாழ்ந்திருந்தால் பட்டை உடைந்திருக்கலாம், அல்லது தளர்ந்து படுத்திருக்கலாம். மட்கார்டுக்குள் ஒரு சக்கரம் பின்னோ முன்னோ தள்ளி நின்றால் பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதே சரி.

அடுத்தது, பட்டையை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட். கம்பி பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை ஆக்சில் மேல் உட்காரும் இடத்தில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, இடுக்கிலிருந்து செம்பழுப்புத் துருப்பொடி வழிந்திருந்தாலோ அங்கே அசைவு இருக்கிறது. யூ போல்ட் இறுக்கும் இடத்தின் விளிம்பையும் விடாமல் பாருங்கள். பட்டை அதிகம் உடைவது அங்கேதான். மயிரிழை போன்ற கோடு தெரிந்தாலும் அது உடைந்த பட்டைதான். வெல்டிங் வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சூட்டில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய், பக்கத்திலேயே மறுபடி உடையும்.

யூ போல்ட் நீண்டிருந்தாலோ மரை தேய்ந்திருந்தாலோ நட்டோடு புதிதாக மாற்றுங்கள். வண்டிப் புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கி இறுக்கும் விசை) அளவுக்கு, குறுக்குமறுக்காக, மூன்று நான்கு சுற்றாக ஏற்றி இறுக்க வேண்டும். நட்டுக்கும் தட்டுக்கும் சேர்த்துப் பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பின் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சோதிக்க வேண்டும். புது போல்ட் முதல் ஓட்டத்தில் சற்றே தளரும் என்பதால் இதைத் தவிர்க்கவே கூடாது. கோடு விலகியிருந்தால் நட்டு கழன்று வருகிறது என்று பொருள்.

யூ போல்ட் உறுதியாக இருந்தால் பட்டையின் முன்முனை வளையத்தில் உள்ள முன்கண் புஷ், பின்முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஷேக்கிளின் புஷ், ஷாக் அப்சார்பரின் இரு முனைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக லீவரால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் லேசாக அமுங்குவது சரி. இரும்போடு இரும்பு இடித்தால் புஷ் போய்விட்டது. அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் சைலன்ஸரையும் கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். பட்டை மேல் விழும் பழி பல நேரம் இவற்றுடையது.

இனி 'கிரீச்'. ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி ஆட்ட, இன்னொருவர் வெளியே நின்றபடி முதலில் பட்டை நுனிகளில் மட்டும் தண்ணீர் தெளிக்கட்டும். அடங்காவிட்டால் பிறகு புஷ்களில். எதை நனைத்ததும் அடங்குகிறதோ, சத்தம் அங்கிருந்துதான்.

பட்டைக்கு நடுவே என்றால் வண்டியைத் தூக்க வேண்டும். பெரும்பாலான வேன்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. அதைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி இல்லை. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் கியரும் உதவாது. எனவே இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, கெட்டியான தரையில் சேசிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஜாக்கியால் ஆக்சிலை மெல்ல இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இழுபடாமல் கவனியுங்கள்.

ஆக்சில் தொங்கியதும் பட்டை நுனிகள் விலகும். தட்டையான லீவர் கொடுத்து இன்னும் சற்று விலக்குங்கள், விரலை விடாதீர்கள். நுனியில் பிளாஸ்டிக் பேட் இருந்து தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். சிலிக்கான் ஸ்பிரே போதும். வெறும் இரும்புப் பட்டை என்றால் துருவைச் சுரண்டி, உலர்த்தி, கிராஃபைட் மசகு மெல்லிசாகப் பூசலாம். ரப்பர் புஷ்ஷுக்குச் சிலிக்கான் மட்டுமே. கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள இரும்பு புஷ்ஷாக இருந்தால் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் அடியுங்கள்.

ரப்பர் புஷ் மாற்றினால், அதன் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நின்று எடை இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

சென்டர் போல்ட்டைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். பட்டைகள் வளைவு விசையில் அடக்கி வைக்கப்பட்டவை. கிளாம்ப் இல்லாமல் அவிழ்த்தால் தெறித்துச் சிதறும். பட்டை மாற்ற நேர்ந்தால் இரு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். லோடுக்கேற்பப் பின்பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும், ஆக்சிலோடு இணைந்த பிரேக் லோடு வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், பட்டையின் உயரம் மாறியபின் அதையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பின்பிரேக் கூடவோ குறையவோ பிடிக்கும்.