கிளியோஃபிலாஸ் அப்பா வீட்டுக்குத் திரும்புவது தோல்வியா?

வணக்கம். மெக்சிக-அமெரிக்க எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்னெரோஸின் 'வுமன் ஹாலரிங் கிரீக்' (கூச்சலிடும் பெண் ஓடை, 1991) கதையில், கல்யாணமாகி அமெரிக்காவுக்குப் போய்க் கணவனிடம் அடி வாங்கும் கிளியோஃபிலாஸ் கடைசியில் மெக்சிகோவுக்கு, அப்பா வீட்டுக்கே திரும்புகிறாள். அப்படியானால் அதை எப்படி விடுதலை என்பது என்று உங்கள் நெறியாளர் கேட்டதாகவும், அந்த இடத்தில் ஆய்வேடு நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் போய்ச் சேரும் இடத்தை விட்டுவிட்டு, வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். முதல் பயணத்தில் அப்பா சம்மதம் தருகிறார், கணவன் ஹுவான் பெட்ரோ எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்கு அழைத்துப் போகிறான். அவள் வாயே திறக்க வேண்டியதில்லை. டெக்சஸின் செகீன் ஊரில் கார் இல்லாமல் எங்கும் போக முடியாது; அவளுக்கோ சொந்தமாகக் கார் இல்லை. அடி வாங்கினாலும் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். கணவனின் அதிகாரத்துக்கு ஊரின் அமைப்பே துணை நிற்கிறது. எனக்குக் கதையில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

திரும்பும் பயணத்தை ஏற்பாடு செய்வது கிளினிக்கில் வேலை செய்யும் கிராசியேலா. பிக்கப் டிரக்கை ஓட்டுவது ஃபெலீஸ் என்ற பெண். அந்த வண்டி அவளே தேர்ந்தெடுத்து, அவளே பணம் கட்டி வாங்கியது. ஃபெலீஸுக்குக் கணவன் என்று யாரும் இல்லை. தலைப்பில் வரும் அந்த ஓடையைக் கடக்கும்போது ஃபெலீஸ் போடும் கூச்சலில் கிளியோஃபிலாஸே திடுக்கிடுகிறாள்.

அப்புறம், வடக்கே, அமெரிக்காவுக்குப் போனால் வாழ்வு என்ற வழக்கமான கதையை இது திருப்பிப் போடுகிறது. அப்பா வீட்டில் ஆறு சகோதரர்கள் இருப்பதையும், அதுவும் ஆண்களின் வீடுதான் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். எல்லைப்புற வாழ்வைப் பேசும் குளோரியா அன்சல்துவாவின் 'பார்டர்லேண்ட்ஸ்' (1987) நூலை அதற்குப் பிறகு கொண்டுவந்தால் போதும். முதல் பக்கத்திலேயே வேண்டாம்.