பழைய வெண்கலச் சிலை: யார் செய்தது, அசல்தானா? – வாசகர் கேள்விகள்

படம் அனுப்புகிறவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். முகத்தை மட்டும் நாலு கோணத்தில் எடுத்து அனுப்பாதீர்கள். முதுகும் பீடத்தின் அடிப்பக்கமும் கட்டாயம் வேண்டும். போலி செய்கிறவன் உழைப்பையெல்லாம் முகத்தில்தான் கொட்டுவான். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவான்.

எங்கள் பூஜை அறையில் ஒன்பது அங்குல நவநீத கிருஷ்ணர் இருக்கிறார். சோழர் காலம் என்று தாத்தா சொல்வார். செய்த ஸ்தபதியின் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா? – மயிலாடுதுறை வாசகர்

பெயர் கிடைக்காது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் ஸ்தபதி தன் பெயரைப் பொறிப்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜனும் குந்தவையும் எழுந்தருளுவித்த திருமேனிகளின் உயரம் முழம், விரல் கணக்கில் இருக்கிறது. எத்தனை கை, கனமாக வார்த்ததா என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். வார்த்தவர் யார் என்று மட்டும் இல்லை. ஆகவே நாம் தேட வேண்டியது ஆளை அல்ல, காலத்தை.

உங்கள் கிருஷ்ணரின் முதுகுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடுப்பு அணியின் கோடுகள் எல்லாம் உளியால் வெட்டியவை. ஓரங்களில் உளி நழுவிய கீறல் தெரிகிறது. சிலையை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சோழர் காலத்தில் நகை, மடிப்பு எல்லாவற்றையும் பெரும்பாலும் அந்த மெழுகிலேயே முடித்துவிடுவார்கள். அதனால் கோடுகளில் ஒரு குழைவு இருக்கும். வார்த்த பிறகு உளி பிடித்து நுணுக்கம் சேர்ப்பது பிற்கால வழக்கம், இன்றைய சுவாமிமலைச் சிலைப் பட்டறைகள் வரை அப்படித்தான்.

அதே சமயம் சிலை புதியதும் இல்லை. மூக்கு நுனி, தொப்பை, முழங்கால் மூன்றும் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. அக்குளிலும் கால் இடுக்கிலும் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துணியால் துடைத்த சிலை இப்படித்தான் தேயும். அரமும் உப்புத்தாளும் போட்டுப் 'பழசாக்கிய' சிலையில் துணியே போகாத இடுக்கும் சேர்ந்து தேய்ந்திருக்கும். என் கணிப்பு: நாயக்கர் காலத்துக்குப் பிந்தையது, நூறு வயதைத் தாண்டியது. தாத்தா சொன்னதில் பாதி சரி: பழசுதான், ஆனால் சோழர் காலம் இல்லை.

கார்பன் டேட்டிங் செய்தால் வயது தெரிந்துவிடாதா? – கோவை வாசகர்

உலோகத்துக்குக் கார்பன் டேட்டிங் கிடையாது. அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்கானது: மரம், எலும்பு, கரி. உள்ளே மண் கரு வைத்துக் கூடாக வார்த்த சிலை என்றால், சுட்ட அந்த மண்ணை வைத்து வெப்ப ஒளிர்வு முறையில் காலத்தைக் கணிக்கலாம். நம் ஊர்த் திருமேனிகள் பெரும்பாலும் கன வார்ப்பு, அதாவது உள்ளே கூடு இல்லாமல் முழுக்க உலோகம். உள்ளே மண்ணே இல்லை, எதைச் சோதிப்பது?

மிச்சம் இருப்பது உலோகக் கலவைச் சோதனை. எக்ஸ்-கதிர்க் கருவியைச் சிலை மேல் வைத்தால் செம்பு, ஈயம், வெள்ளீயம், துத்தநாகம் எவ்வளவு என்று சொல்லும். ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். களிம்பு ஏறிய இடத்தில் வைத்தால் கணக்கு தப்பும். இதைவிட நுட்பமானது, ஈயத்தின் ஐசோடோப்புகள் (எடையில் வேறுபடும் ஈய அணு வகைகள்) எந்த விகிதத்தில் இருக்கின்றன, மிகச் சிறிய அளவில் கலந்த தனிமங்கள் எவை என்று பார்ப்பது. தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் தென்னிந்தியப் படிமங்களை இந்த வழியில் ஆராய்ந்து, காலவாரியாகப் பிரிக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்.

இன்னொன்று. சோதனையில் தங்கம் வரவில்லையே, ஏமாந்துவிட்டோமா என்று சிலர் பதறுகிறார்கள். ஐம்பொன் என்று பெயர் இருந்தாலும் பழைய திருமேனிகளிலேயே தங்கமும் வெள்ளியும் இருப்பது மிகச் சொற்பம். தங்கம் இல்லை என்பதால் சிலை போலி ஆகிவிடாது.

ஒரு கலசம் அரிசியை இழுக்கிறது, உள்ளே இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் போகும் என்கிறார்கள்... – பெயர் வேண்டாம் என்றவர்

மோசடி. முன்பணம் கொடுத்திருந்தால் போலீசுக்குப் போங்கள். அடுத்த கேள்வி.

காரைக்குடி வீட்டில் கொள்ளுத்தாத்தா வாங்கி வைத்த சிங்கம் ஒன்று, காலடியில் பாம்பு. பாறை மேல் 'பார்யே' என்றும், ஓரத்தில் 'எஃப். பார்பெதியேன்' என்றும் பிரெஞ்சு எழுத்து. அசலா? – செட்டிநாட்டு வாசகர்

அந்தக் காலத்து நகரத்தார் வீடுகளுக்கு இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்தன, ஒரு பிரெஞ்சுச் சிங்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. நம் சிலைகளுக்கு நேர்மாறாக இங்கே இரண்டு பெயர்கள் இருக்கின்றன: ஒன்று சிற்பி, இன்னொன்று வார்ப்பாலை.

அந்துவான்-லூயி பார்யே (1795–1875) விலங்குச் சிற்பங்களுக்குப் பெயர் போனவர். பாம்பை மிதிக்கும் சிங்கத்தின் பெரிய வடிவம் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்பாடு சின்ன அளவுகளில் ஏராளமாக வார்த்து விற்றார்கள். அவர் இறந்த பிறகு மாதிரிகளில் பெரும்பகுதியை வாங்கியது ஃபெர்தினான் பார்பெதியேன் நிறுவனம். ஆக, பார்பெதியேன் முத்திரை இருந்தால் பெரும்பாலும் சிற்பி இறந்த பின் வார்த்தது. அது போலி அல்ல, முறையான வார்ப்பு. ஆனால் சிற்பி தன் பட்டறையிலேயே வார்த்ததற்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடைக்காது. 'லெப்லான்-பார்பெதியேன்' என்று இருந்தால் இன்னும் பிந்தையது. ஃபெர்தினான் 1892இல் இறந்த பிறகு வாரிசு நடத்திய காலம் அது.

கையெழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது மாதிரியிலேயே இருப்பதால் நகலிலும் அப்படியே விழும். அளவுதான் காட்டிக்கொடுக்கும். வெண்கலம் ஆறும்போது ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். முடிந்த சிலையின் மேலேயே அச்செடுத்து வார்த்தால் 50 சென்டிமீட்டர் சிங்கம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைந்துபோகும். பிடரி மயிரும் மழுங்கிவிடும். அருங்காட்சியகங்களும் ஏல நிறுவனங்களும் வெளியிட்டிருக்கும் அளவோடு, அதே அளவு வார்ப்புக்கு, ஒப்பிடுங்கள்.

அப்புறம் அடிப்பக்கம். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஊசியால் லேசாகக் கீறுங்கள். பொன்னிறம் வந்தால் வெண்கலம். சாம்பல் வெள்ளையாக வந்தால் துத்தநாகத்துக்கு வெண்கலச் சாயம் பூசியது. காந்தம் ஒட்டினால் இரும்பு. கீழே பளபளக்கும் புது நட்டு போட்டுப் பளிங்குப் பலகையில் பூட்டியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சிலையில் வெளிர்பச்சைத் தூள் பூக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? – சேலம் வாசகி

வேண்டாம் அம்மா. கெட்டியாக, கரும்பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும் களிம்பு சிலைக்குக் கவசம். அதைத் தேய்த்து எடுத்தால் சிலை எத்தனை பழையது என்பதற்கான சாட்சியும் போய்விடும். நீங்கள் சொல்லும் தூள் வேறு. உள்ளே தங்கிய குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது. சிலையை உலர்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதிப் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் உற்சவரைப் பழுது பார்க்க அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார்கள். முகம் மாறினாற்போல் இருக்கிறது. வீண் சந்தேகமா? – திருவாரூர் வாசகர்

வீண் என்று தள்ள மாட்டேன். கும்பகோணம் பக்கம் சிவபுரம் நடராஜருக்கு 1950களில் இதுதான் நடந்தது. பழுது பார்க்கப் போனார், திரும்பி வந்தது நகல். கோயிலில் இருப்பது புதுச் சிலை என்று 1960களில் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் எழுதினார். அசலை 1973இல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் வாங்கினார். 1986இல்தான் அது இந்தியா திரும்பியது.

உங்களுக்குத் தேவை பழைய படம். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950கள் முதல் தமிழ்நாட்டுக் கோயில் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய நடராஜர் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயிலுடையவர் என்று காட்டியது அந்தப் படங்கள்தான்; 2014இல் திரும்பி வந்தார்.

ஒப்பிடும்போது முகத்தை விடுங்கள், விபத்துகளைப் பாருங்கள். திருவாசியில் (சிலையைச் சுற்றிய வளைவில்) முறிந்த சுடர், பீடத்தில் வார்ப்பு நிரம்பாத குழி, ஒரு பக்கம் வளைந்த விரல். மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள் என்பதால் இரண்டு சிலைகளுக்கு ஒரே குழி அமையாது. பழைய படத்தில் இருக்கும் குழி இப்போது இல்லையென்றால், சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

வீடு கட்டத் தோண்டியபோது சிலை கிடைத்தது. எங்கள் நிலம், எங்கள் சிலைதானே? – விழுப்புரம் வாசகர்

இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ இன்றே சொல்லுங்கள். மண்ணைக் கழுவ வேண்டாம், எப்படிக் கிடந்தது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள்.

சுவாமிமலையில் வாங்கிய புது நடராஜரைச் சிங்கப்பூருக்கு எடுத்துப் போகலாமா? – தஞ்சை வாசகி

தாராளமாக. நூறு வருடம் தாண்டிய சிலையைத்தான் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் விமான நிலையத்தில் புதுசு, பழசு என்று வாய்வார்த்தை எடுபடாது. பட்டறை ரசீதோடு, தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குச் சிலையைக் காட்ட வேண்டியிருக்கும், பயணத்துக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.