புதிய தத்துப்பூச்சிச் சிற்றினம் என்று எப்போது அறிவிக்கலாம்?

கேள்வி: விளக்குப்பொறியில் விழுந்த ஒரு தத்துப்பூச்சியின் தலையிலுள்ள கரும்புள்ளிகள், என் கையேட்டிலுள்ள எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. கிடைத்தது ஒரே ஒரு பெண் பூச்சி. இதைப் புதிய சிற்றினமாக விவரித்து வெளியிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தத்துப்பூச்சிகள் அடங்கிய சிகாடெல்லிடே குடும்பத்தில் இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. எந்தக் கையேட்டிலும் அவற்றில் ஒரு சிறு பகுதிதான் இருக்கும். முதலில் பின்னங்காலின் நீண்ட டிபியா பகுதியில் முட்கள் வரிசை வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; அதுவே தத்துப்பூச்சியின் அடையாளம். அதன் நுனியில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று தென்பட்டால், அது தத்துப்பூச்சியே அல்ல, புகையான் வகையைச் சேர்ந்தது.

நிறத்தையும் புள்ளியையும் மட்டும் நம்பிப் புதுப் பெயர் சூட்டுவதுதான் இத்துறையில் மிகுந்த குழப்பத்தை விளைவிக்கிறது. உலர்ந்த மாதிரிகளில் பச்சை நிறம் மங்கி மஞ்சளாகிவிடும். நெற்பயிரின் பச்சைத் தத்துப்பூச்சியில் ஆணின் இறக்கை நுனி பெரும்பாலும் கறுத்திருக்க, பெண்ணின் நுனி வெளிறியிருப்பதால், அறியாதவர் ஒரே சிற்றினத்தை இரண்டாகக் கருத நேரும்.

ஆகவே, அதே இடத்தில், இயன்றால் அதே தாவரத்திலிருந்து, ஆண் பூச்சிகள் சிலவற்றைச் சேகரியுங்கள். மிக நெருங்கிய சிற்றினங்களைப் பிரித்தறியப் பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்புகளே, குறிப்பாக ஈடியாகஸ் என்னும் உறுப்பின் தண்டும் அதன் முட்களும், துணைபுரிகின்றன. வயிற்றின் நுனியைப் பிரித்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளஞ்சூட்டில் வைத்தால், தசை கரைந்து கடினமான பகுதிகள் மட்டும் எஞ்சும். அதை நீரில் கழுவி, ஒரு துளி கிளிசரினில் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் திருப்பித் திருப்பிப் பார்த்து வரையுங்கள். பிறகு அந்த உறுப்பைக் கிளிசரின் நிரப்பிய சிறு குப்பியில் இட்டு, அதே பூச்சியைத் தாங்கும் ஊசியிலேயே செருகிவிடுங்கள். பூச்சியும் உறுப்பும் பிரிந்துபோனால் அந்த மாதிரி பயனற்றதாகிவிடும்.

இந்த உறுப்பும் சில வேளைகளில் ஏமாற்றும். யூசெலிஸ் பேரினத்தில், இளம்பூச்சி வளரும் காலத்துப் பகற்பொழுதின் நீளத்தைப் பொறுத்து, முதிர்ந்த பூச்சியின் அளவும் நிறமும் ஈடியாகஸின் வடிவமும்கூட மாறுகின்றன. அந்தப் பருவ வடிவங்கள் முன்பு தனித்தனிச் சிற்றினங்களாகவே எண்ணப்பட்டன. ஒட்டுண்ணி தாக்கிய பூச்சியிலும் உறுப்பு உருத்திரிந்திருக்கலாம். எனவே பல மாதிரிகளை, முடிந்தால் வெவ்வேறு பருவங்களில் பிடித்தவற்றை, ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. டிஎன்ஏ பட்டைக்குறியீடு, அதாவது சிற்றினத்தை அடையாளம் காண ஒப்பிடப்படும் ஒரு குறுகிய டிஎன்ஏ பகுதி, நல்ல துணைச் சான்றுதான். ஆனால் அதை மட்டுமே கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது.

அதன்பின் அப்பேரினத்தில் ஏற்கெனவே சூட்டப்பட்ட எல்லாப் பெயர்களையும், கைவிடப்பட்டவை உட்பட, மூல விவரிப்போடும் இயன்றவரை பெயர்தாங்கி மாதிரியோடும் (அந்தப் பெயர் எதைக் குறிக்கும் என்பதை நிலைநிறுத்தும் மாதிரிப் பூச்சி) ஒப்பிட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் இந்த வேலையைத் தவிர்த்தால், பழைய சிற்றினத்துக்கே இன்னொரு பெயர் சூட்டியவராவீர்கள்.

சர்வதேச விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, 1999-க்குப் பின் வெளியாகும் சிற்றினப் பெயருக்குப் பெயர்தாங்கி மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அது ஹோலோடைப் எனப்படும் ஒற்றை மாதிரியானால், எந்தச் சேகரிப்பகத்தில் வைக்கப்படுகிறது என்பதையும் எழுத வேண்டும். பிற சிற்றினங்களிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் விவரிக்க வேண்டும். படம் மட்டும் போதாது. மின்னிதழில் மட்டும் வெளியிடுவதாயின், அந்தப் படைப்பை முன்னதாக ஸூபேங்க் என்னும் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேட்டில் பதிவு செய்து, பதிவுச் சான்றைக் கட்டுரையிலேயே காட்ட வேண்டும்.

அதுவரை கையிலுள்ள பெண் பூச்சியை, ஊசியில் குத்திய முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி, பிடித்த இடம், தேதி, கடல்மட்டத்திலிருந்து உயரம், பொறியின் வகை ஆகியவற்றை எழுதிய சீட்டை அதே ஊசியில் குத்தி வையுங்கள்.